ரோஜாப்பூ விழும் இடம்

அக்கா வீட்டு வாசற்படியை இந்த ஜென்மத்தில் மிதிக்க மாட்டேன் என்று தாணுமூர்த்தி சபதம் போட்டிருந்தார். சபதம் போடுகிறவர் கொஞ்சம் தள்ளியிருக்கிற வீடாகப் பார்த்துப் போட்டிருக்கலாம். சங்கரவடிவு அக்காவின் வீடு பாளையங்கோட்டையில் அவருக்கு அடுத்த தெருவிலேயே இருந்தது. காய்கறி வாங்கவும் மருந்து வாங்கவும் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். போனால் அக்கா வாசலில் நிற்பாள். அதனால் அவர் ஊரைச் சுற்றிக்கொண்டு போய் வந்தார். இந்தச் சபதத்தால் அக்காவுக்கு ஒரு குறையும் வரவில்லை. இவருக்குத்தான் முழங்கால் தேய்ந்தது.

"வீராப்புக்கு ஒரு ஆட்டோ வச்சுக்கிடுங்க," என்று மனைவி பகவதி சொல்லிப் பார்த்தாள். பகவதி எந்தச் சபதமும் போடவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது மதினி வீட்டுக்குப் போய், குழம்பு கொடுத்து, கூட்டு வாங்கிக்கொண்டு வருவாள்.

அப்படி இருந்த மனுஷனைக் காப்பாற்றத்தான் 'சபை' வந்தது.

சபை ஒரு மிக்ஸிங் மென்பொருள். முன்பெல்லாம் கல்யாணம் முடிந்த பிறகு வீடியோவை வெட்டி ஒட்டி மிக்ஸிங் செய்வார்கள். சபை, கல்யாணம் நடக்கும்போதே செய்துவிடும். சொந்தக்காரர்கள் அவரவர் வீட்டுக் கணினிக்கு முன்னால் பட்டு வேட்டியில் வந்து நின்றால் போதும். அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டுபோய் ஒரே மண்டபத்தில் நிறுத்திவிடும். அப்படி ஒரு மண்டபம் எங்கேயும் கிடையாது என்பது வேறு விஷயம். ஆனாலும் அதில் தூண் இருக்கும், குத்துவிளக்கு இருக்கும், முன்வரிசை நாற்காலிக்குச் சண்டையும் இருக்கும். சாப்பாடு மட்டும் டப்பாவில் வீடு தேடி வந்துவிடும். அலைச்சல் இல்லை, யார் வாசற்படியையும் மிதிக்க வேண்டியதில்லை. நாட்டில் தாணுமூர்த்தி மாதிரி சபதக்காரர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துவிட்டுத்தான் அதைச் செய்தார்கள் போலிருக்கிறது.

அக்காவின் ஒரே மகள் இலக்கியாவுக்கு ஜெர்மனியில் வேலை. மாப்பிள்ளை நிரோஷன் அங்கேயே பிறந்து வளர்ந்த ஈழத்துப் பையன். கல்யாணமும் அங்கேதான், ஒரு சின்னக் கூடத்தில். மற்ற கூட்டமெல்லாம் சபையில். கல்யாணப் பெண்ணே மாமாவைக் கூப்பிட்டுப் பேசினாள்.

"மாமா, தாய்மாமன் மாலை எடுத்துக் குடுக்காம நான் மணவறைல உக்கார மாட்டேன். நீங்க உங்க வீட்டு முன்ரூம்ல நின்னா போதும். அம்மாவும் அவ வீட்ல இருந்துதான் வாரா. ஃப்ளைட் ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

தாணுமூர்த்தி சம்மதித்தார். சபதமும் பிழைத்தது, உறவும் பிழைத்தது என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் பகவதி மதினி வீட்டுக்குப் போய்த் திரும்பும் வரைக்கும் நிலைத்தது.

"மதினி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுதாவ," என்றாள் பகவதி. "எல்லாரும் பாக்கத்தான் என்னைய வெட்டுனான். எல்லாரும் பாக்கவே தப்புன்னு சொல்லணும். சபையில வச்சுச் சொன்னாம்னா பழசெல்லாம் அன்னைக்கோட போச்சு. சொல்லலேன்னா, மாலையக் குடுத்துட்டு அவன் பாட்டுக்குப் போகட்டும். நான் செத்தாலும் வரவேண்டாம்னுட்டாவ."

வெட்டின கதை இதுதான். தாணுமூர்த்தியின் மகன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம், மூன்றாவது முடிச்சுப் போட மாப்பிள்ளைக்குத் தங்கை முறையில் ஒருத்தி வேண்டும். கூடப்பிறந்தவள் கிடையாது. சொல்லி வைத்திருந்த பெண் கைக்குழந்தை அழுததென்று எங்கேயோ எழுந்து போயிருந்தாள். கெட்டிமேளம் முழங்குகிறது, ஐயர் அவசரப்படுத்துகிறார். பையன் சட்டென்று திரும்பி, "அத்த, நீங்க போடுங்க," என்றான். வடிவு போட்டாள். அவள் புருஷன் செத்து அப்போது அதிக நாள் ஆகியிருக்கவில்லை. சம்பந்தி வீட்டு வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

அது அதோடு போயிருக்கும். தாணுமூர்த்திதான் விடவில்லை. மிக்ஸிங் கடைக்குப் போய்ப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த இடத்தை வெட்டச் சொன்னார். "வேண்டாம் சார், பெரியவங்க மனசு சங்கடப்படும். வெட்டுனா துண்டாவும் தெரியும்," என்றான் மிக்ஸிங்காரன். "தெரியாதபடி மேல ஏதாவது போடுப்பா," என்றார் இவர்.

அவன் போட்டான். வீடியோ வந்ததும் சொந்தபந்தமெல்லாம் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். வடிவு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதல் முடிச்சு விழுந்தது, இரண்டாவது விழுந்தது. மூன்றாவதற்கு அவள் கை நீள வேண்டிய இடத்தில் திரை முழுக்க ரோஜாப்பூ கொட்டியது. பூ விலகியதும் ஒரு பனிமலை, அதன் நடுவில் ஆர்ட்டின் வடிவம், அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள்.

"இங்கன நான்லா நின்னேன்?" என்றாள் வடிவு.

அப்போதாவது தாணுமூர்த்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கோபப்பட்டார். தப்புச் செய்த ஆம்பிளையிடம் எப்போதும் கைவசம் இருப்பது அது ஒன்றுதான். மிக்ஸிங்காரனைத் திட்டினார், அக்காவின் வாயைத் திட்டினார், கடைசியில் சபதம் போட்டு முடித்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலேயே சபையை நிறுவ உட்கார்ந்தார். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். யாரையாவது உதவிக்குக் கூப்பிடலாமே என்று பகவதி சொன்னதற்கு, "இதச் செஞ்சவனே என் ஸ்டூடண்டா இருப்பான்," என்றார். கணினி அவர் வேலையில் இருந்தபோது வாங்கியது. அதைத் தட்டி எழுப்பி, சபையை இறக்கி, காமிராவைச் சொருகினார். சபை வணக்கம் சொன்னது. அது பேசுகிற தமிழ் செய்தி வாசிக்கிற தமிழ்.

"காமிரா இணைக்கப்படவில்லை."

"இணைச்சுத்தான இருக்கு!"

"காமிராவின் மூடி திறக்கப்படவில்லை."

மூடியைத் திறந்தார். பகவதி அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

"உங்கள் கணினியின் வயதைக் கருதி, உங்களுக்குப் பின்னால் ஒற்றை நிறத் துணி கட்டவும். பச்சை நல்லது."

வீட்டில் பச்சை என்றால் பகவதியின் பட்டுச் சேலைதான். "எங்கண்ணன் எடுத்துக் குடுத்த சேலைய ஆணியடிச்சுத் தொங்கவிடவா?" என்று கேட்டுக்கொண்டே கொண்டுவந்தாள். கட்டினார்கள். மண்டபம் தெரிந்தது, மண்டபத்தில் தாணுமூர்த்தி தெரிந்தார். சேலையின் சரிகைக் கரை மட்டும் அவர் தலைக்கு மேல் அந்தரத்தில் ஓடியது. ஒத்திகைக்கு மாலையை எடுத்தார். மாலையில் இருந்த துளசியும் மருக்கொழுந்தும் காணாமல் போய், பூக்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் அவர் கையைச் சுற்றி மிதந்தன.

"பச்சை நிறம் அனைத்தும் பின்னணியாகக் கருதப்படும்," என்றது சபை.

"இத முதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்றாள் பகவதி, சேலையைக் கழற்றிக்கொண்டே. பிறகு ஒரு நீலப் போர்வையைக் கட்டினார்கள். மாலை முழுசாக வந்தது.

அடுத்து பேச்சும் வாயும் ஒத்துப்போகவில்லை. தாணுமூர்த்தி பேசி முடித்து வாயை மூடிய பிறகு குரல் வந்தது. 'ஒலித் தாமதம்' என்று ஒரு இடம் இருந்தது. அதில் இருந்த எண்ணை இறக்கினார். இப்போது வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே குரல் வந்தது.

"இது சரியாத்தான் இருக்கு," என்றாள் பகவதி. "யோசிக்க முன்ன பேச்சு வாரது உங்களுக்கு எப்பவும் உள்ளதுதான."

அவர் முறைத்துக்கொண்டே எண்ணை ஏற்றினார். காபியோடு அவள் பின்னால் வந்து நின்றாள். திரையில் காபி டம்ளர் மட்டும் ஒரு நொடி தெரிந்து அதுவும் போயிற்று.

"உங்களுக்கு அருகில் தேவையற்ற உருவம். நீக்கப்பட்டது."

"யாரு தேவையற்ற உருவம்?" என்றாள் பகவதி.

"பின்னணி ஒலி. குறைக்கப்பட்டது."

"ஓர் இருக்கைக்கு ஒருத்தர்தானாம்," என்று தாணுமூர்த்தி விளக்கினார். "நீ ஃபோன்ல பாரு. பாக்க மட்டும் விடும்."

"கட்டுன பொண்டாட்டியக் கழிச்சுட்டு ஒரு கல்யாணமா," என்று முனகிக்கொண்டே அவள் காபியை வைத்துவிட்டுப் போனாள். தாணுமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. நீக்கப்பட்டது யாரோ என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

கடைசியாக ஒரு சிவப்பு எழுத்து வந்து நின்றுகொண்டது. இணைப்பு நிலையற்றது, 'நிரப்பு' வசதியை ஏற்றால்தான் மேலே போகலாம் என்றது.

"நிரப்புன்னா என்ன?"

"இணைப்பு அறுந்தால் உங்கள் இடம் காலியாகிவிடும். விசேஷங்களில் அது அபசகுனமாகக் கருதப்படுகிறது. அப்போது உங்கள் இடத்தில் நிரப்பு தொடரும்."

"நான் இல்லாம நான் எப்படி?"

"ஒத்திகையில் நீங்கள் நிற்பது, சிரிப்பது, பேசுவது ஆகியவற்றிலிருந்து கற்றுக்கொள்ளும். மீதியைச் சூழ்நிலையிலிருந்து ஊகிக்கும்."

"எதுவரைக்கும்?"

"நீங்கள் அதே இருக்கைக்குத் திரும்பி வரும்வரை."

எத்தனையோ சம்மதங்களைப் படிக்காமல் அமுக்கிய விரல், இதையும் அமுக்கியது. பிறகு ஒத்திகை. நடந்தார், கும்பிட்டார், மாலை கொடுத்தார். எல்லாம் நன்றாக வந்தது. பேச வேண்டியதைப் பேசிப் பார்க்கும்போதுதான் மாட்டிக்கொண்டார்.

"அக்கா, அன்னைக்கு மிக்ஸிங் கடையில..." நின்றுவிட்டார். தண்ணீர் குடித்தார். "அக்கா, நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பக்கமும் விட்டுக் குடுத்து..."

"இது மன்னிப்பா? தீர்ப்பு மாதிரில்லா இருக்கு," என்றது அடுப்படி.

"அக்கா, நீயும் கொஞ்சம் யோசிச்சுப் பாரு..."

"வெளங்கும்," என்றது அடுப்படி.

மத்தியானம் வரைக்கும் முயன்றார். 'அக்கா' என்கிற வார்த்தையைத் தாண்டி உருப்படியாக ஒன்றும் வரவில்லை. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சபை சொன்னது: "நன்றி. போதுமான அளவு கற்றுக்கொள்ளப்பட்டது."

தனக்கே வராதது அதற்கு எப்படி வந்தது என்று தாணுமூர்த்தி அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் ஜெர்மனியில் காலை முகூர்த்தம், இங்கே உச்சி வெயில். பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக நீலப் போர்வைக்கு முன்னால் வந்து நின்றார். மண்டபம் நிறைந்திருந்தது. துபாய்ச் சித்தப்பா முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். பேசாமல் இருந்த பங்காளிகளும் அடுத்தடுத்து நின்றார்கள். அடுத்தடுத்து நிற்பது அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

வடிவு வந்தாள். சாம்பல் நிறப் பட்டு. தலை முழுக்க நரைத்திருந்தது. இத்தனை வருஷமும் தெருமுனையிலிருந்து பார்த்து ஒதுங்கிய உருவத்தை இப்போதுதான் அவர் கிட்டத்தில் பார்த்தார். அம்மாவை உரித்து வைத்த மாதிரி இருந்தாள். அவருக்குக் கண் கலங்கியது. அவள் இவரை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி, சொல்லுகிறாயா பார்க்கலாம் என்பது போல உட்கார்ந்துகொண்டாள்.

மாலை கொடுத்தார். இங்கே அவர் நீட்ட, அங்கே மாப்பிள்ளையின் தோழன் நிஜ மாலையை எடுத்து நீட்டினான். திரையில் அவர் கையே கொடுப்பதாகத் தெரிந்தது. இலக்கியா குனிந்து வாங்கிக்கொண்டாள். தாலி ஏறியது. மூன்றாவது முடிச்சை நிரோஷனின் தங்கை போட்டாள். அந்த இடத்தில் தாணுமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டார்.

பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். தாணுமூர்த்தி பேச ஒரு அடி முன்னால் வந்தார். வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா," என்றார்.

மின்விசிறி நின்றது. திரை கறுத்தது. தெருக்கோடி டிரான்ஸ்பார்மரில் ஒரு அணில் தன் உயிரை விட்டு இரண்டு தெருவின் மின்சாரத்தையும் கூடவே கொண்டுபோயிருந்தது. யூபிஎஸ் ஒருமுறை கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்தது.

"பகவதி!"

"என்னத்துக்குக் கத்துதீய? நீங்க அங்கன நல்லாத்தான நிக்கீய," என்றாள் பகவதி, ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகுதான் எதிரே நிற்கிறவரை நிமிர்ந்து பார்த்தாள். "அய்யய்யோ!"

அவர் எட்டிப் பார்த்தார். ஃபோனுக்குள் தாணுமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். அதே அங்கவஸ்திரம். முகத்தில் இவருக்கு ஒருநாளும் வந்திராத ஒரு பணிவு. கைகூப்பிக்கொண்டு அது பேசியது.

"அக்கா, நீ எனக்கு வெறும் அக்கா இல்லை. தாய்க்குத் தாயாக நின்ற தெய்வம். அறியாமல் நான் செய்த பிழையை..."

"அறியாமலா?" என்று கத்தினார் தாணுமூர்த்தி. "அறிஞ்சுதான செஞ்சேன்!"

"நல்லாத்தான் பேசுது," என்றாள் பகவதி. "துபாய்க்காரரு அழுதுட்டாரு."

ஊரெல்லாம் அழட்டும், அக்கா இதை நம்பிவிட்டால்? அந்தப் பொம்மை கேட்டு அக்கா மன்னித்துவிட்டால், பிறகு தான் போய் எந்த முகத்தோடு சொல்வது? தெரியாமல் செய்தான் என்று அவள் கடைசி வரை நினைத்துக்கொண்டிருப்பாள். தெரிந்து செய்தது அப்படியே அவருக்குள் கிடக்கும். செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பினார். சுற்று வழியில் போகவில்லை.

சங்கரவடிவு வாசலில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலும் கரண்டு இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு தெருவுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். எலக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வருகிற தம்பியை அவள் மேலும் கீழும் பார்த்தாள். அவர் படிக்கு வெளியே நின்றார். மூச்சு வாங்கியது.

"எனக்கு ஒண்ணும் காதுல விழல," என்றாள். "நீ அக்கான்னதும் கரண்டு போச்சு."

"நல்லதாப் போச்சு," என்றார். பிறகு நிறுத்தாமல் சொன்னார். நிறுத்தினால் நின்றுவிடும் என்று பயந்து சொன்னார். "அக்கா, அறியாமச் செய்யல. அறிஞ்சுதான் செஞ்சேன். நாலு பேரு மொணங்குனதுக்குப் பயந்து, நீ போட்ட முடிச்ச நாந்தான் வெட்டச் சொன்னேன். அந்த மிக்ஸிங்காரன் வேண்டாம் சார்ன்னான். பூவப் போட்டு மூடச் சொன்னதும் நாந்தான். தப்புக்கா. தப்புன்னு அன்னைக்கே தெரியும்."

வடிவு விசிறுவதை நிறுத்தியிருந்தாள்.

"சபையில வச்சுல்லா சொல்லச் சொன்னேன்?"

"கரண்டு இல்லக்கா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எம் பேருல பழியப் போட்டுட்டு இவன் சுத்திச் சுத்திப் போறான் பாருன்னு நித்தம் நினைப்பேன்," என்றாள். "வெயில்ல நிக்காத. உள்ள வால."

"இல்ல, வாசப்படி..."

"மிதிக்க மாட்டேன்னுதான சொன்ன? மிதிக்காம தாண்டி வா."

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேய்ந்த முழங்காலை உயர்த்தி, நிலைப்படியைத் தாண்டினார். தடுமாறியபோது அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே மின்விசிறி சுற்றத் தொடங்கியது. வடிவின் கணினி தானாக எழுந்தது. அவள் அதற்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்கன உக்காரு, சேந்தே ஆசீர்வாதம் பண்ணுவோம்," என்றாள். உட்கார்ந்தார்.

மண்டபம் வந்தது. மேடையில் இரண்டு பேர் தோளோடு தோள் அணைத்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சொந்தபந்தமெல்லாம் கை தட்டிக்கொண்டிருந்தது.

"யாருல அது?"

"நாமதான்," என்றார் தாணுமூர்த்தி.

வடிவு திரும்பி வந்ததைச் சபை கண்டுகொண்டது. அவளுடைய நிரப்பு விலகி, நிஜ வடிவு அந்த இடத்தில் வந்தாள். வலது பக்கத்தில் அவள் தோளில் கைபோட்டபடி நிரப்புத் தாணுமூர்த்தி நின்றது. நிஜத் தாணுமூர்த்தி தன் வீட்டு நாற்காலிக்குப் போனால்தான் அது நகரும். இடது பக்கத்தில் இவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு தூண் தெரிந்தது.

"உங்களுக்கு அருகில் தேவையற்ற உருவம். நீக்கப்பட்டது."

"ஏ, நான் இங்கதான இருக்கேன்! இலக்கியா!" என்றார் இவர்.

"பின்னணி ஒலி. குறைக்கப்பட்டது."

அவர் கையை ஆட்டினார். தூண் அசையவில்லை. தான் உட்கார்ந்திருக்கிற இடத்தில் தான் இல்லாததைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. அக்காவின் பக்கம் திரும்பவே வெட்கமாக இருந்தது.

"இப்படித்தாம்ல இருந்துச்சு எனக்கு," என்றாள் வடிவு மெதுவாக.

திரையில் இலக்கியா கண்ணீரும் சிரிப்புமாகக் கிட்டே வந்தாள். "அம்மா, மாமா பேசுனதையும் நீ மாமாவக் கட்டிப்புடிச்சதையும் நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். எனக்கு இத விடப் பெரிய சீர் வேண்டாம்மா."

வடிவு வாயைத் திறந்தாள். நான் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் திறந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"நல்லாருங்க ரெண்டு பேரும்," என்றாள். சொல்லும்போதே இடது கையை நீட்டி, அங்கே இல்லாத தம்பியின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு ரோடு தாண்டும்போது பிடிக்கிற பிடி. தாணுமூர்த்தி குலுங்கிக் குலுங்கி அழுதார். அது பின்னணி ஒலி, யாருக்கும் கேட்கவில்லை.

"அம்மா, கைய என்ன பண்ணுத?" என்றாள் இலக்கியா.

"ஒண்ணுமில்லட்டி," என்றாள் வடிவு. கையை எடுக்கவில்லை.

எவ்வளவோ முன்னேறிவிட்டாலும் கல்யாண வீடியோ கைக்கு வர மாசக்கணக்கில் ஆவது மட்டும் மாறவில்லை. இது சபையே கோத்துத் தந்ததுதான், அதன் மேல் ஜெர்மனியில் ஒருத்தரை வைத்து நேர்த்தி செய்து அனுப்பியிருந்தாள் இலக்கியா. மூன்று பேரும் வடிவு வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். தாணுமூர்த்தி இப்போதெல்லாம் தினம் வருகிறார், ஒவ்வொரு தடவையும் படியைத் தாண்டியே வருகிறார், ஒவ்வொரு தடவையும் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லுகிறார்.

நிரப்புகள் இரண்டும் கட்டிப்பிடித்து அழுகிற இடம் மூன்று கோணத்தில், மெதுவான ஓட்டத்தில், புல்லாங்குழலோடு வந்தது. பகவதி மூக்கை உறிஞ்சினாள். அது நிரப்பு என்று தெரிந்தவள்தான், இருந்தாலும் அழுகை வந்துவிட்டது. அக்காவும் தம்பியும் கொட்டாவி விட்டார்கள்.

"இனிதான் வரும்," என்று வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆசீர்வாதம் வந்தது. நல்லாருங்க ரெண்டு பேரும் என்று வடிவு சொன்னாள். அவள் இடது கை மடியை விட்டு எழுந்தது. திரை முழுக்க ரோஜாப்பூ கொட்டியது.

பூ விலகியபோது ஒரு பனிமலை இருந்தது.

தாணுமூர்த்தி இலக்கியாவைக் கூப்பிட்டார். "அது வந்து மாமா," என்றாள் அவள், "அந்த இடத்துல அம்மா கை சும்மா காத்தப் புடிச்சிட்டு ஏதோ மாதிரி இருந்துச்சு. பாக்குறவங்க அம்மாவுக்கு உடம்புக்கு என்னன்னு கேப்பாங்கல்ல? அதான் வெட்டிட்டு மேல பூ போடச் சொன்னேன். நல்லா வந்திருக்கா?"

தாணுமூர்த்தி அக்காவைப் பார்த்தார். வடிவு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நல்லா வந்திருக்கும்மா," என்றார்.

ஃபோனை வைத்தார். வடிவு அவர் முழங்கையைத் தட்டி, "ஏல, பின்னால போ. அந்த இடத்த இன்னொரு தடவ போடு," என்றாள்.

போட்டார். இரண்டு பேரும் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு இதழ்கூட விடாமல் பார்த்தார்கள். முடிந்ததும் மறுபடியும் பின்னால் போனார்.

"அதுல என்ன இருக்குன்னு ரெண்டு பேரும் திரும்பத் திரும்பப் பாக்கீய?" என்றாள் பகவதி. "வெறும் பூதான விழுது."